உடும்பு முறை

என் தங்கை ரோஜாவின் வலது கையைப் பாதி பட்டாசு மருந்து கெடுத்தது. மீதியைக் கெடுத்தவன் நான். இதைச் சொன்னால் "சும்மா இரு கதிரவா" என்கிறார்கள். சும்மா இருந்திருந்தால்தான் கை பிழைத்திருக்கும்.

சிவகாசியில் ஒரு அச்சகத்தில் பிளேட் போடுகிறவன் நான். மூன்று வருடத்துக்கு முன் ஒரு வெளியூர் ஆர்டர் வந்தது. பகடை உருட்டி, ஆளுக்கொரு வீரனாகப் பேசி ஆடும் கற்பனை விளையாட்டின் விதிப்புத்தகம். கழித்துப்போட்ட தாள்களை வீட்டுக்குக் கொண்டுவந்து, அகராதியும் கையுமாக உட்கார்ந்து, நம் ஊருக்குத் தக்கபடி தமிழில் ஒரு விளையாட்டையே கட்டிவிட்டேன். ஞாயிறு காலை ஆமத்தூரில் எங்கள் வீட்டில் ஆட்டம். கதையை நடத்துவது நான். ஆடுவது ரோஜாவும் என் கூட்டாளி உக்கிரபாண்டியும். கீரி முறை, கழுகு முறை என்று பிராணிகளின் பெயரில் சண்டைக்கலைகள் உண்டு. ஆடுகிறவர் ஒன்றைத் தேர்ந்துகொண்டு அதன்படி மோத வேண்டும்.

மாசியில் ரோஜா வேலைபார்த்த பட்டாசு கம்பெனியில் ஒரு அறை எரிந்தது. அவளோடு திரி சொருகிக்கொண்டிருந்த முத்துமாரியம்மாள் அங்கேயே போய்விட்டாள். ரோஜா உள்ளங்கை வெந்து வெளியே வந்தாள். நாற்பது நாள் ஆஸ்பத்திரி. தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். அனுப்பும்போது, கைப்பயிற்சி கொடுக்கும் கற்பகவல்லி மேடம் என்னிடம்தான் சொன்னார்.

"விரலை மடக்கி நீட்டணும் தம்பி. தெனமும் நூறு தடவை. வலிக்குதுன்னு விட்டீகன்னா அம்புட்டுதான்."

வீட்டுக்கு வந்தவள் சுவரைப் பார்த்துப் படுத்தாள். அம்மா கெஞ்சினாள், வைதாள், சோறு ஊட்டும்போதே அழுதாள். ரோஜா ஒரு விரலைக்கூட அசைக்கவில்லை.

அப்போதுதான் எனக்கு மூளை வேலை செய்தது. விளையாட்டில் புதிதாக உடும்பு முறையைச் சேர்த்தேன். ஆடுகிறவர் நிஜமாகவே ஒரு துணிப்பந்தைப் பத்துத் தடவை இறுக்கினால், அவருடைய வீரருக்கு ஒரு பலம் சேரும். நூறு பலம் சேர்ந்துவிட்டால் அந்த வீரர் பற்றியதை யானை இழுத்தாலும் பறிக்க முடியாது. உடும்புப்பிடி என்றால் நம் பக்கத்தில் யாருக்குத்தான் ஆசை வராது? மேடம் சொன்னது மடக்கி நீட்ட. நான் பரிசு வைத்தது மடக்குவதற்கு மட்டும். மடக்கியவள் நீட்டாமலா இருப்பாள் என்று நினைத்தேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான்.

ரோஜா எழுந்து உட்கார்ந்தாள். பந்தை வாங்கினாள். பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினாள். எங்கள் வீட்டில் அன்றைக்குக் கறிக்குழம்பு.

இரண்டாவது ஞாயிறு, "அண்ணே, என் கூட ஒருத்தியக் கூட்டிட்டு வரட்டா?" என்று கேட்டாள். பேரில்லாத ஒரு தோழி. சண்டை போடமாட்டாள், பின்னாலேயே வருவாள். சரி என்றேன். மூன்றாவது ஞாயிறு, கதையில் விறுவிறுப்பு வேண்டும் என்று ஒரு மலைப்பாலத்தை உடைத்தேன். தோழி பள்ளத்தில் தொங்கினாள். ரோஜாவின் உடும்பு வீராங்கனை பாய்ந்து அவள் கையைப் பற்றிக்கொண்டாள். அதோடு சரி. அடுத்து என்ன செய்கிறாய் என்று எப்போது கேட்டாலும் ஒரே பதில்தான்.

"பிடிச்சிட்டிருக்கேன்."

உக்கிரபாண்டி கயிறு போட்டுப் பார்த்தான். ஏணி கொண்டுவந்தான். தோழியை வேறு யாரும் தொட ரோஜா விடவில்லை. வாரம் முழுக்க அவள் கை மூடியே இருந்தது. என்ன பிடிவாதம் என்று அச்சகத்தில் பெருமையடித்துக்கொண்டேன்.

போன வாரம் விருதுநகர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். கற்பகவல்லி மேடம் கையைத் திருப்பிப் பார்த்தவுடன் என்னை வெளியே அழைத்தார்.

"நான் என்ன சொன்னேன், நீங்க என்ன செஞ்சு வச்சிருக்கீக? தோல் சுருங்கி விரலை இழுத்துப் பிடிச்சிருச்சு. திங்கக்கிழமை பெரிய டாக்டர் பாப்பாரு. அதுக்குள்ள கொஞ்சமாச்சும் விரியலைன்னா அறுத்துத்தான் விரிக்கணும். அப்பவும் பழைய கை வரும்னு சொல்லமாட்டேன்."

விளையாட்டைப் பற்றிச் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"தீன்னா எல்லாரும் மூஞ்சிய மறைப்பாக, புறங்கைதான் வேகும். இந்தப் பிள்ளைக்கு உள்ளங்கை. எதைத் தம்பி பிடிச்சா?"

எனக்குத் தெரியாது. இரண்டு மாதமாக நான் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

நேற்று ஞாயிறு. பல்லி முறை என்று புதிதாக எழுதிவைத்திருந்தேன். கையை விரித்துச் சுவரில் ஒட்டினால் பலம். விரித்த ஒவ்வொரு விரலுக்கும் இரட்டைப் பலம்.

"நான் உடும்பு" என்றாள் ரோஜா.

"உடும்பு முறைய எடுத்துட்டேன் தாயி. இனி பல்லிதான்."

"நீ எடுத்தா எடுத்துக்க. நான் பிடிச்சிட்டுத்தான் இருப்பேன்."

கெஞ்சினேன். நாளைக்கு அறுப்பார்கள் என்று கத்தினேன். சட்டையைப் பிடித்து உலுக்குவதுதான் பாக்கி. ஆயிரம் பலம் தருகிறேன் என்றேன், என்னமோ அவள் பலத்துக்கு அலைகிற மாதிரி. உக்கிரபாண்டி தலையைக் குனிந்துகொண்டான். வேறு வழி தெரியாமல், கதை நடத்துகிறவனுக்கு உள்ள உரிமையில் பள்ளத்தில் தொங்கும் தோழியைப் பேசவைத்தேன்.

"அவ கீழே இருந்து சொல்லுதா: ரோசா, என்னைய விட்டுரு. நான் போயிக்கிறேன்."

ரோஜா பகடையைத் தூக்கி என் முகத்தில் எறிந்தாள்.

"நீ யாரு அவளுக்காகப் பேச? அவ அப்படியா சொன்னா? விட்டுராத ரோசா, விட்டுராதன்னுதான் சொன்னா! எரியிற சேலையோட சேத்துப் பிடிச்சேன். வாசல் வரைக்கும் இழுத்துட்டேன். ஒரு எட்டு எடுத்து வச்சா வெளிய. கை வெந்துச்சு. விட்டுட்டேன்ணே. நாந்தான் விட்டுட்டேன்."

அடுப்படியில் அம்மாவின் கரண்டிச் சத்தம் நின்றது. என் நெற்றியில் ரத்தம் கசிந்தது, துடைக்கத் தோன்றவில்லை. நான் போட்ட ஒவ்வொரு விதியும் இந்தப் பிள்ளையை அந்த வாசலிலேயே நிற்கவைத்திருக்கிறது. நோட்டை மூடப்போனேன்.

"மூடாதண்ணே. என்ன செய்யப்போறேன்னு கேளு."

உக்கிரபாண்டிதான் கேட்டான்.

"என்ன செய்யப்போற தாயி?"

மூடிய கையைத் தரையில் வைத்தாள்.

"அவ விடாதன்னுதான் சொல்லுதா. இப்பவும் அதான் சொல்லுதா. நான் விடுதேன்."

"பகடை..." என்றேன் பழக்கத்தில்.

"இதுக்குப் பகடை வேணாம்."

கட்டைவிரல் முதலில் வந்தது. பிறகு ஆள்காட்டி விரல், பாதி. ஒட்டிய தோல் வெடித்து ரத்தம் வந்தது. அவள் போட்ட சத்தத்தில் அம்மா ஓடிவந்து, என்ன செய்வதென்று தெரியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நடுவிரல் கொஞ்சம் அசைந்தது. மற்ற இரண்டும் அசையவே இல்லை.

"எனக்கு முடியலண்ணே. நீ பிரிச்சு விடு."

அந்த இரண்டு விரல்களையும் என் கையில் எடுத்தேன். மெதுவாக, மிக மெதுவாக நீட்டினேன். அவள் "மாரி, மாரி" என்று கதறிக்கொண்டே இருந்தாள். நான் நிறுத்தவில்லை.