ஒற்றை நீல ஓட்டு

1

இந்தக் கதை ஒரு எண்ணிலிருந்து வந்தது. எண் ஒன்று. எங்கள் வாக்குச்சாவடியின் முடிவுகளில், மண்டல மன்றம் என்ற தலைப்பின் கீழே, பழைய கட்சிக்கு நேராக அது இருக்கிறது. மீதியில் எதையும் நான் ஜோடிக்கவில்லை என்று சொல்ல ஆசைதான். கதை எழுதுகிறவன் அப்படிச் சொன்னால் நம்பாதீர்கள்.

எங்கள் நாட்டில் மூன்று தேர்தலும் ஒரே ஞாயிற்றுக்கிழமை. நாடாளுமன்றத்துக்கு மஞ்சள் சீட்டு, ஊராட்சிக்கு வெள்ளை, மண்டலத்துக்கு நீலம். கட்சிக்கொரு சீட்டு அச்சடித்திருக்கும், வேண்டியதை எடுத்து உறையில் இட்டால் போதும், பிடித்த வேட்பாளர் இருந்தால் பெயருக்கு நேரே பென்சிலால் குறி போடலாம். மற்ற வருடங்களில் நீலத்தை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளமாட்டார்கள். அந்த முறை எங்களுக்கு நீலம் மட்டும்தான் தேர்தல். ஆஸ்பத்திரிகளை நடத்துவது மண்டல மன்றம். எங்கள் ஊர் பிரசவப் பிரிவை மூடியதும் அதுதான். அதன் பிறகு பிள்ளை பெற வேண்டுமானால், பனியோ மழையோ, காட்டுச் சாலையில் இரண்டு மணி நேரம் காரில் போக வேண்டும்.

2

முதல் தொடக்கம்: "யோர்டிஸ் கண்ணீர் மல்க..."

(அடித்துவிட்டேன். அவள் அழுது யாரும் பார்த்ததில்லை. மருத்துவச்சியாக ஊரில் பாதிப் பேரைக் கையில் வாங்கியவள். பிரிவை மூடிய வாரமே கர்ப்பிணிகளையும் கணவன்மார்களையும் கூட்டிவைத்து, வழியில் வலி வந்தால் என்ன செய்வது என்று வகுப்பு எடுத்தாள். அப்புறம் 'ஆஸ்பத்திரிக் கட்சி' என்று புதிதாக ஒன்று முளைத்தபோது அதன் வேட்பாளராக நின்றாள்.)

இரண்டாவது தொடக்கம்: "அவள் கணவன் சிக்ஸ்டன் ஒரு பிடிவாதக்காரன், அவன்..."

இதையும் பாதியில் விடுகிறேன். பிடிவாதக்காரன் என்று எழுதிவிட்டால், கதை முடியும்வரை அவனுக்கு வேறு வேலை இருக்காது. நடந்ததைச் சொல்கிறேன். சிக்ஸ்டன் மரம் அறுக்கும் ஆலையில் வேலை பார்த்தவன், பழைய கட்சியின் கிளைச் செயலாளர். பிரிவை மூடக் கைதூக்கியது அவன் கட்சி. கூட்டத்தில் எழுந்து எதிர்த்தான், எடுபடவில்லை. அதற்காகக் கட்சியை விட்டுவிட முடியுமா என்று கேட்டான். தன் கட்சிச் சுவரொட்டியை ஒட்டிய கையோடு, யோர்டிஸ் தன்னுடையதை ஒட்டும்போது ஏணியையும் பிடித்துக்கொண்டான்.

3

ஓட்டு எண்ணும் மேசையில் நானும் இருந்தேன். நீலச் சீட்டுகளைக் கட்சிவாரியாக அடுக்கினோம். ஆஸ்பத்திரிக் கட்சியின் அடுக்கு சரிந்து விழ, இரண்டாகப் பிரித்து வைத்தோம். பழைய கட்சிக்கு ஒரே ஒரு தாள். பென்சில் படாத தாள்.*

எண்ணுவதை யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். யோர்டிஸ் சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அந்தத் தாள் தனியாகக் கிடப்பதைப் பார்த்தாள். அவள் முகத்தில் என்ன இருந்தது என்று மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன், மூன்றும் பொய்யாகவே வந்தது. மன்றத்தில் அவளுக்கு இடம் கிடைத்துவிட்டது. எல்லோரும் கட்டிப்பிடித்தார்கள். அந்த ஒன்று யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை, கேட்க என்ன இருக்கிறது? ஊரே அவளுக்குப் போட்டிருக்கிறது, கட்டின புருஷன் போடவில்லை.

யாருக்குப் போட்டாய் என்று அவள் அவனைக் கேட்கமாட்டாள். இங்கே சம்பளத்தைக் கூடக் கேட்டுவிடலாம், ஓட்டைக் கேட்கக்கூடாது. கேட்காததைச் சொல்கிற ஆளும் சிக்ஸ்டன் இல்லை. அவ்வளவு காலம் சேர்ந்து வாழ்ந்த இரண்டு பேர் நடுவில் ஒரு நீலத் தாள் கிடந்தது. எனக்கு மனசு தாங்கவில்லை.

* அது உன்னுடையதாக இருக்கக்கூடாதா என்று ஒரு வாசகர் கேட்பார். என் ஓட்டைப் பற்றிப் பேசுவதாக இல்லை.

4

கதாசிரியனுக்கு ஒரு வசதி உண்டு. வாக்குச்சாவடி மறைப்பு அவனைத் தடுக்காது. உள்ளே போய் சிக்ஸ்டனின் தோளுக்குப் பின்னால் நின்று...

"சிக்ஸ்டன் நீலச் சீட்டை உறையில் இடும் முன் ஒரு கணம்..."

நிறுத்திவிட்டேன். மறைப்புக்குள் ஒருவர்தான் போகலாம் என்று அன்று காலையெல்லாம் ஊர்க்காரர்களை விரட்டிக்கொண்டிருந்தவனே நான்தான்.

5

தேர்தலுக்கு அடுத்த சனிக்கிழமை வேட்டைக் குழுவின் கொட்டகையில் எல்க் மான் இறைச்சியைப் பங்கு வைத்தார்கள். சிக்ஸ்டன் எலும்பை அறுத்தான், யோர்டிஸ் பொட்டலம் கட்டினாள். குழுத் தலைவன் டோர்க்னிக்கு அந்த வருடம் பேத்தி பிறந்திருந்தாள், சாலையோரம், அப்பன் கையில். நல்லவேளை, பிழைத்தாள். அந்தக் கோபம் அவனிடம் ஆறவில்லை.

"சிக்ஸ்டனுக்குக் குளம்பக் குடுங்கப்பா," என்றான். "அந்த ஒத்த ஓட்டுக்கு அது போதும்."

சிலர் சிரித்தார்கள். சிக்ஸ்டன் அடுத்த எலும்பை இழுத்து வைத்து அறுத்தான்.

யோர்டிஸ் நூலை அறுத்து முடிச்சுப் போட்டாள். "அந்த ஓட்டு என்னோடது, டோர்க்னி," என்றாள். "குளம்ப எம்பக்கம் போடு."

சிரிப்பு நின்றது. டோர்க்னி அவளையே பார்த்தான். வேட்பாளரே எதிர்க்கட்சிக்குப் போடுவாளா என்று யாரோ முணுமுணுத்தார்கள். அத்தனை வருஷம் உழைச்ச கட்சிக்கு ஊர்ல ஒண்ணுமே விழலேன்னா இவன் எப்படித் தாங்குவான், அதான் போட்டேன் என்று, வானிலை சொல்வதுபோலச் சொன்னாள்.

இங்கே நான் யோசிக்க வேண்டியதாகிவிட்டது. அது சிக்ஸ்டனின் ஓட்டு என்றால், ஊர் முன்னால் அவள் தனக்காகப் பொய் சொல்கிறாள் என்று அவனுக்குத் தெரியும். உண்மையிலேயே அவள் ஓட்டு என்றால், அவன் ஓட்டு பழைய கட்சிக்கு விழவில்லை என்று எண்ணிய அன்றே அவளுக்குத் தெரியும். (இரண்டும் இல்லாமல் வேறு யாருடையதாவது என்றால், அந்த ஆள் அங்கேயே நின்று காபி கலக்கிக்கொண்டிருந்திருப்பார்.) இதை எழுதும்போது அவர்கள் இருவர்மேலும் எனக்கு ஏகப்பட்ட பிரியம்.

சிக்ஸ்டன் ரம்பத்தைக் கீழே வைத்தான். அவளைப் பார்த்தான், எவ்வளவு நேரம் என்று நான் எண்ணவில்லை. பிறகு டோர்க்னியிடம் திரும்பினான்.

"குளம்ப ரெண்டா வெட்டு," என்றான். "பாதி எனக்கு."

6

அவர்கள் இருவரும் ஏறிய கார் கிளம்ப நேரமானது. கண்ணாடியில் உள்ளே ஆவி படிந்துவிட்டது, பேசிக்கொண்டிருந்தார்கள் என்று தெரிந்தது. என்ன பேசினார்கள் என்று எழுத மேசைமுன் உட்கார்ந்தேன், எழுந்துவிட்டேன். வேண்டுமானால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எழுதியதை மடித்து வைத்துவிடுங்கள், யாருக்கும் காட்ட வேண்டாம், எனக்கும்தான்.