நாணல்திட்டுக்குப் புதுக் கைப்பிடி

நாணல்திட்டு என்ற ஆற்றுத் தீவை ஒரு கைப்பிடியால்தான் ஓட்டுகிறார்கள். நாற்பத்தொரு வீடுகளும் ஒரு ரேஷன் கடையும் ஒரு மாரியம்மன் கோயிலும் அதன்மேல் இருக்கின்றன. காலை எட்டு மணிக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை இறக்கிவிட, தீவு கிழக்குக் கரைக்குப் போகும். பத்து மணிக்குச் சந்தைக்காக மேற்குக் கரைக்கு வரும். சாயங்காலம் எல்லோரும் ஏறிய பிறகு நடு ஆற்றில் போய் நிற்கும். பத்தொன்பது வருடமாக அதை ஓட்டுகிறவள் செங்கமலம்.

ஆவணி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை அவள் தீவைக் கரையோரப் புளியமரம் ஒன்றில் கட்டிவிட்டு, டவுன் பஸ் பிடித்து, வேலங்குடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் ஹாஜிராவின் கடைக்கு வந்தாள். ஹாஜிரா மிக்ஸியும் மின்விசிறியும் பழுதுபார்ப்பவள். ஆனாலும் அவளுக்குப் பெயர் வாங்கித் தந்தது வேறு வேலை. வீடியோ கேம் போட்டிகளுக்குப் போகிறவர்கள் கைப்பிடியும் பட்டனும் வைத்த தங்கள் விளையாட்டுப் பெட்டிகளை அவளிடம் கொண்டுவந்து, உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு நல்ல பாகங்களாகப் போடச் சொல்லி வாங்கிப் போவார்கள்.

செங்கமலம் துண்டில் சுற்றியிருந்த பெட்டியை மேஜைமேல் வைத்தாள். இடது பக்கம் சிவப்பு உருண்டை வைத்த கைப்பிடி. வலது பக்கம் ஆறு பட்டன்கள். ஒன்று வேகத்துக்கு, ஒன்று நிறுத்துவதற்கு, ஒன்று தீவைத் திருப்புவதற்கு. மற்ற மூன்றும் திருவிழாவுக்கு மட்டும்.

"ஆட்டிப் பாக்கலாமாக்கா?" என்று கேட்டாள் ஹாஜிரா.

"தாராளமா. ஒயரைக் கழட்டிட்டுத்தான் வந்திருக்கேன்."

முன்னால் தள்ளினால் ஒழுங்காகப் போனது. இடது பக்கம் தள்ளினால் கொஞ்சம் யோசித்துவிட்டுப் போனது. மூலைவாட்டில் போகவே இல்லை.

"மூலைவாட்டுல எப்படி ஓட்டுறீங்க?"

"முன்னால கொஞ்சம், எடது பக்கம் கொஞ்சம். மறுபடியும் முன்னால கொஞ்சம். படி ஏறுற மாதிரிதான். பாத்திரம் பண்டமெல்லாம் அதுக்குப் பழகிப்போச்சு."

பிறகு செங்கமலம் வந்த காரியத்தைச் சொன்னாள். வருடத்துக்கு ஒருமுறை, வெள்ளத் தண்ணீர் வரும்போது, தீவு நெடுஞ்சாலைப் பாலத்துக்குக் கீழே புகுந்து அந்தப் பக்கம் இருக்கும் அகலமான ஆற்றுக்குப் போயாக வேண்டும். வெள்ளம் வடிந்து ஆழம் குறைவதற்குள் திரும்பிவிட வேண்டும். போன வருடம் அப்படிப் போகையில் தீவின் மூலை பாலத்தின் மூன்றாவது தூணில் உரசியது. அங்கே இருந்த ஒரு வீடு தூணோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. அது செங்கமலத்தின் வீடு. உள்ளே அவள் கணவர் பஞ்சாட்சரம் இருந்தார். திரும்பி வருகிற வழியில் அவள் நிறுத்தப் பார்த்தாள், பட்டன் நிற்கவிடவில்லை.

"இன்னும் அங்கதான் இருக்காரு. பாலத்துல போறவங்க கூடையில கயிறு கட்டி அரிசி, காய்கறி எறக்கிவிடுறாங்க. நான் கைப்பிடி ரூம்லயே படுத்துக்கறேன்." சொல்லிவிட்டு அவள் பெட்டியைப் பார்த்தாள். "வியாழக்கிழமை தண்ணி வருது. தூணுகிட்ட மூலைவாட்டுல போயி, நாலு எண்ணுற நேரம் நிக்கணும். நின்னா வீட்டை ஏத்திடலாம்."

ஹாஜிரா தலையாட்டினாள். "எடது கையைக் காட்டுங்கக்கா."

மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவில் தோல் காய்த்திருந்தது. உருண்டையை மேலிருந்து பிடிக்காமல், தண்டை விரலிடுக்கில் விட்டு, கீழிருந்து ஏந்திப் பிடிக்கும் கை. அப்படிப் பிடிக்கிறவர்களை ஹாஜிரா தன் அனுபவத்தில் இரண்டு பேரைத்தான் பார்த்திருந்தாள். இரண்டு பேரும் போட்டியில் தோற்று அவள் பார்த்ததில்லை. கையை விட மனமில்லாமல் விட்டாள்.

செவ்வாய்க்கிழமை பெட்டியைத் திறந்தாள். ஒரு ஸ்விட்ச்சில் ஆற்று மணல், ஒன்றில் துரு. பட்டன்களுக்குக் கீழே ஒரு சின்ன நண்டு குடியிருந்தது. அதை ஒரு தம்ளர் தண்ணீரில் விட்டுவிட்டு வேலையைத் தொடங்கினாள். தண்டு அசைகிற எல்லையைக் கட்டும் தகடு கூட்டல் குறி வடிவத்தில் வெட்டியிருந்தது. நான்கு திசைக்குமேல் அது விடாது. அதைக் கழற்றிவிட்டு எட்டு மூலை வெட்டிய தகட்டைப் போட்டாள். நான்கு ஸ்விட்ச்சையும் மாற்றினாள். வெள்ள இரைச்சலில் காது உதவாது என்பதால், சொடுக்கு விரலுக்குத் தெரிகிற வகையாகப் பார்த்து எடுத்தாள்.

ஸ்பிரிங்கில்தான் ஒரு நாள் போனது. போட்டிக்காரர்கள் இளகலான ஸ்பிரிங்கைத்தான் விரும்புவார்கள். ஆனால் தீவை ஓட்டுகிறவள் தும்மினால் நாற்பத்தொரு வீடும் நகர்ந்துவிடக் கூடாது. ரொம்ப விறைப்பாக இருந்தால் மணிக்கட்டு போய்விடும். மூன்று ஸ்பிரிங்கை மாற்றி மாற்றிப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு, தன் கையைச் செங்கமலத்தின் கையாக நினைத்து ஆட்டிப் பார்த்தாள். மூன்றாவது சரியாக இருந்தது. கடைசியாக நிறுத்தும் பட்டன். தொட்டால் இறங்கி, விட்டதும் எழும்பும் பட்டன் ஒன்றைத் தன் சொந்த விளையாட்டுப் பெட்டியிலிருந்து கழற்றிப் போட்டாள்.

வியாழக்கிழமை காலையில் அவளே பெட்டியோடு தீவுக்குப் போய் ஒயர்களை மாட்டினாள். செங்கமலம் கயிற்றை அவிழ்க்கச் சொல்லிவிட்டுக் கைப்பிடியை மூலைவாட்டில் சாய்த்தாள். தீவு ஆற்றின் குறுக்கே வழுக்கிக்கொண்டு போனது. ஒரு தம்ளர்கூட ஆடவில்லை. இவ்வளவு அமைதியாக இருக்கிறதே என்று பெண்கள் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். செங்கமலம் கையை எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டு மறுபடியும் வைத்தாள்.

பதினொரு மணிக்குத் தண்ணீர் வந்தது. செம்மண் நிறத்தில், வாழை மரங்களைச் சுமந்துகொண்டு வந்து தீவின் முதுகில் முட்டித் தள்ளியது. ஹாஜிரா ஸ்க்ரூடிரைவரைப் பிடித்தபடி செங்கமலத்தின் பின்னால் நின்றாள். பாலம் நெருங்கியது. செங்கமலத்தின் தோள் அசையவில்லை, முழங்கை அசையவில்லை. விரல்கள் மட்டும் வேலை செய்தன. இடது முன், முன், இடது முன், வலது பக்கம் ஒரு துளி. ஒவ்வொரு சொடுக்கும் தன் கையால் மாட்டியதுதான். ஆனாலும் அந்த ஸ்விட்ச்சுகளுக்குள் இவ்வளவு இடம் இருந்தது ஹாஜிராவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள்.

மூன்றாவது தூண் தெரிந்தது. அதில் நீல வண்ணம் அடித்த வீடு, வாசலில் துணிக்கொடி. கையில் கரண்டியோடு பஞ்சாட்சரம் நின்றுகொண்டிருந்தார்.

"இட்லி வெந்துக்கிட்டிருக்கு. குலுக்காம எடு," என்றார்.

"குலுக்க மாட்டேன்," என்றாள் செங்கமலம்.

நிறுத்தும் பட்டனை அவள் அழுத்திப் பிடிக்கவில்லை. தட்டினாள். நொடிக்குப் பத்து, பதினைந்து முறை, ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறி. பழைய பட்டன் இதற்குள் மூன்று முறைகூட எழுந்திருக்காது. வெள்ளம் இரண்டு பக்கமும் ஓட, தீவு தூணருகே ஒரு சாண் தள்ளி நின்றது. ஒன்று. இரண்டு. மூன்றில் வீடு தூணிலிருந்து பிரிந்தது. நான்கில் தன் பழைய மனையில் வந்து உட்கார்ந்தது. செங்கமலம் பட்டனை விட்டாள். தீவு பாலத்தைத் தாண்டியது.

அகலமான ஆற்றுக்கு வந்து சேர்ந்ததும் அவள் கைப்பிடி ரூமைவிட்டு வெளியே வந்தாள். வீட்டு வாசற்காலில் இடது கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே நின்றாள். பிறகு மூன்று பேரும் இட்லி சாப்பிட உட்கார்ந்தார்கள். பஞ்சாட்சரம் மனைவியைப் பார்த்தபடி இருந்தார்.

"எளைச்சுட்ட," என்றார்.

"உங்களுக்குத்தான் நரை கூடிப்போச்சு."

"கைப்பிடி மாத்தியிருக்கியா?"

"இவங்கதான் மாத்துனாங்க."

அவர் எழுந்து போய் ஹாஜிராவின் தட்டில் இன்னும் இரண்டு இட்லி வைத்தார். வேண்டாம் என்று சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை. சாப்பிடும்போதும் அவள் கண் செங்கமலத்தின் விரல்கள்மேலேயே இருந்தது. அவை சட்னியைத் தொட்டுக்கொண்டிருந்தன.

மறுநாள் காலை ஹாஜிரா கடையைத் திறந்தபோது பெஞ்சில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். ஒருவர் மேஜை விசிறியோடு வந்திருந்த ஓய்வுபெற்ற வாத்தியார். அவருக்குப் பக்கத்தில் ஊருக்கு மேற்கே இருக்கும் குன்று. குன்றுதான் முதலில் வந்ததாம், வாத்தியாரே சொன்னார். ஹாஜிரா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

"எந்தப் பக்கம் மாட்டிக்குது?" என்று கேட்டாள்.

வடக்குப் பக்கம் என்றது குன்று. அவள் அதைக் கொஞ்சம் வெளிச்சத்துக்குத் திரும்பி உட்காரச் சொன்னாள்.