அழகன் அழைத்த பெயர்

கதிரவன் அக்கரப்பத்தனை மலைமுகட்டில் ஏறிநின்று, பள்ளத்தில் தேங்கிக் கிடந்த பனியை மெல்லமெல்ல விலக்கி, மழை கழுவிய தேயிலைச் சரிவுகளையும், கூடை சுமந்து அவற்றில் வரிசையாய் ஏறும் பெண்களையும், ஓடைக்கரையில் தனித்து நின்ற பிள்ளை மடுவத்தையும் ஒன்றன்பின் ஒன்றாய் உலகிற்குக் காட்டிய தைத்திங்கட் காலையது. ஆண்டு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறு. தாய்மார் கொழுந்து கொய்யும் பொழுதெல்லாம் அவர்தம் மழலையரைக் காக்கும் அம்மடுவத்திலிருந்து, அறிவுடையீர், அன்று எழுந்த ஆரவாரம் அடுத்த மலைக்கும் கேட்டது.

எல்லாம் பூரணியின் வேலை. அவளுக்கு முன்னிருந்த காவற்பெண், பிள்ளைகளை விடியல் முதல் அந்திவரை ஏணை என்னும் துணித்தொட்டிலிலேயே கிடத்தி, அழுதால் ஆட்டி, அழாவிட்டால் மறந்து, ஓசையற்ற மடுவம் என்று தோட்டமெங்கும் நற்பெயர் வாங்கியவள். ஓசையற்ற பிள்ளையே ஒழுங்கான பிள்ளை என்று யாவரும் நம்பியிருந்த காலம்! பூரணியோ வந்த மறுநாளே ஏணைகளை அவிழ்த்துப் பிள்ளைகளைத் தரையில் விட்டாள்; வாய் ஓயாமல் அவர்களோடு பேசினாள்; கூழாங்கற்களைக் கொழுந்தாக்கி, தேங்காய்ச் சிரட்டையை நிறைகோலாக்கி, நாள்தோறும் நிறுவை விளையாட்டு நடத்தினாள். கொழுந்து நிறுக்கும் கணக்கப்பிள்ளையைப் போலவே அவள் ஒவ்வொரு தாயின் பெயரையும் கூவ, அத்தாயின் பிள்ளை கல்லைக் கொண்டுவந்து கொட்ட வேண்டும்.

இரண்டரை அகவையாகியும் ஒருசொல் பேசாத அழகன் கல்லைக் கொட்டுவான். வாய் மட்டும் திறவான். முந்தைய மாலை அவன் தாய் காளியாயி வாயிலில் வந்து வெடித்திருந்தாள்.

“லயத்து வீட்டுச் சனமே இவன ஊமைங்குதுக்கா. நீங்க போடுற கூச்சல்ல புள்ள இன்னும் மெரண்டுபோவான். நாளையோட சரி. அப்புறம் மலைக்கே தூக்கிட்டுப்போயி மரத்தடியில ஏண கட்டிப் போட்டுக்கிறேன்.”

“மலையில அட்டையும் குளிருமா அவன்கூடப் பேசப்போகுது, தங்கச்சி? அவன் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கான். கண்ணப் பாரு!”

சொல்லிவிட்டாளே ஒழிய, பூரணிக்கு உள்ளூர அச்சந்தான். எஞ்சியது ஒரேயொரு பகல். அப்பகல் முழுதும் கூவினாள், பாடினாள், கதை சொன்னாள்; அந்தி நெருங்கும்போது தொண்டை கட்டிப்போயிற்று. இறுதி நிறுவை தொடங்கியது. “வீரம்மா!” என்றாள், குரல் கரகரத்தது. “ராசம்மா!” என்றாள், பாதிதான் வந்தது. அடுத்தது அழகனின் முறை. அவள் வாயைத் திறந்தாள், வெறுங்காற்று வந்தது.

கல்லை ஏந்தி நின்ற அழகன் அவள் வாயையே பார்த்தான். மீண்டும் பார்த்தான். தன் முறை பறிபோவதைப் பொறாத சினத்தில் முகம் சிவக்க, காலைத் தரையில் உதைத்து, மடுவம் அதிரக் கூவினான்:

“காளாயீ!”

“இந்தா வந்துட்டேங்க!”

வாயிலில் அப்போதுதான் வந்து நின்ற காளியாயி, நிறுவைக்களத்தில் பழகிய பழக்கத்தில் விடையளித்து, கூடையோடு இரண்டடி ஓடியும் வந்துவிட்டாள்! அழைத்தது யாரென்று உணர்ந்ததும் கால்கள் நின்றன, கூடை நழுவியது. பெற்ற தாயைப் பெயர் சொல்லி அதட்டிய மகனை அள்ளி எடுத்து, சிரிப்பும் அழுகையும் ஒன்றாய்ப் பொங்க, “இன்னொருக்கா கூப்புடுடா, என் கணக்கப்புள்ள!” என்றாள். அவனும் சலிக்காமல் கூப்பிட்டான். குரலிழந்த பூரணி கைதட்டிக் குதித்தாள். பிள்ளைகள் அனைவரும் அவரவர் தாயின் பெயரைக் கூவத் தொடங்கினர்.

மறுநாள் விடிந்ததும் அழகனை மடுவத்தில் இறக்கிவிட்டுத்தான் காளியாயி மலையேறினாள். கொழுந்தை அதற்குரிய நாளில் கொய்யாவிடில் முற்றிப்போகும் என்பது அம்மலை பன்னெடுங்காலமாய் அறிந்த உண்மை. மழலைக்கும் அப்படியொரு நாள் உண்டென்பதை, ஓர் ஏணை அவிழ்ந்த பின்னரே அது அறிந்தது. அவிழ்க்கப்படாத ஏணைகளில் ஓசையின்றிக் கிடந்து வளர்ந்தோர் எத்தனை பேரோ!