பிடித்து வைத்த மூச்சு

துவாரகாவில் ஏர்போர்ட்காரர்கள் நிறையக் குடியிருக்கும் ஒரு சொசைட்டியின் நாலாவது மாடியில், ஓய்வுபெற்ற சுபேதார் சுவிசேஷமுத்து இரண்டரை வருடம் மூச்சு விடாமல் இருந்தார். சாகவில்லை. இழுத்த மூச்சைப் பிடித்துக்கொண்டே சவரம் செய்தார், சோறு தின்றார், பால் பூத்துக்குப் போய் வந்தார். பேச்சு மட்டும் கிடையாது, பேசுவதற்கு மூச்சு வேண்டுமே. உயிரோடுதான் இருக்கிறாரா என்று வருடா வருடம் பார்க்கிற பென்ஷன் ஆபீஸ்காரர்கள் கட்டைவிரல் ரேகையோடு நிறுத்திக்கொள்வார்கள், மூச்சைக் கேட்பதில்லை. அதனால் பென்ஷன் தடங்கலில்லாமல் வந்தது. நவம்பரில் புகைமூட்டம் இறங்கி மொத்த டில்லியும் இருமியபோது, சொசைட்டியே அவரைப் பார்த்துப் பொறாமைப்பட்டது.

எல்லாம் ஒரு ஆப்பினால் வந்தது. தூக்கத்தில் அவர் கத்துகிறார் என்று மகள் வினோலியா, பட்டாளத்திலிருந்து வந்தவர்களின் மனக்கஷ்டத்துக்கென்றே புதிதாக வந்திருந்த ஒன்றை அவர் போனில் போட்டுக் கொடுத்தாள். அவருடைய பழைய சகாக்களுக்கும் பிள்ளைகள் போட்டுக் கொடுத்திருந்தார்கள். ‘இன்று உங்கள் மனம் எப்படி இருக்கிறது’ என்று அது கேட்டதும், இதென்ன சம்பந்தி வீட்டுக்காரி மாதிரி நோண்டுகிறது என்று அவர்கள் அழித்துவிட்டு, குட்மார்னிங் ரோஜாப்பூ அனுப்பும் வேலைக்குத் திரும்பினார்கள். சுவிசேஷமுத்து மட்டும் அதைப் பிடித்துக்கொண்டார். அதிலிருந்த பெண்குரல் ஹிந்தியில் உட்கார் என்றது, முதுகை நிமிர்த்து என்றது, கண்ணை மூடு என்றது. வேலை பார்த்த காலமெல்லாம் ஹிந்தியில் சொன்னதைச் செய்தே பழகிய மனுஷன். ரிட்டயரான பிறகு யாரும் எதுவும் சொல்லாமல் விட்டதுதான் அவருடைய பெரிய வியாதி, அதைக் கண்டுபிடிக்க ஒரு டாக்டருக்கும் புத்தி இல்லை. தினமும் இஸ்திரி போட்ட சட்டையோடு பால்கனியில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார்.

அவர் மனைவி பிலோமினா நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவள். அவளுக்கு ஒரே ஒரு விஷயம் தெரிய வேண்டியிருந்தது. அவளுடைய தம்பி பெலிக்ஸ் கணவரின் பிளட்டூனிலேயே இருந்தான், பனிமலையில் ஒரு காவல்சாவடியில் செத்துப்போனான். ஆணியடித்து மூடிய பெட்டியைக் கொண்டுவந்தவர் சுவிசேஷமுத்துதான். ‘திறக்க வேண்டாம்’ என்றார். வார்டில் எத்தனையோ அந்நியர்களின் கண்ணை மூடிவிட்டவளுக்குச் சொந்தத் தம்பியின் முகத்தைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. “வலிச்சுதாங்க அவனுக்கு? என்னைக் கேட்டானா? அதையாவது சொல்லிருங்களேன்” என்று வருடக்கணக்கில் கேட்டாள். “முடிஞ்சத விடு” என்பதற்கு மேல் அவர் வாயிலிருந்து ஒன்றும் பெயரவில்லை. அவள் சோறு போட்டாள், துணி துவைத்தாள், மன்னிக்க மட்டும் இல்லை.

ஒரு குளிர்காலக் காலையில் அவள் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தபோது ஆப் புதுப் பாடத்துக்குப் போனது. “மூச்சை இழுங்கள். ரோக்கியே, பிடித்துக்கொள்ளுங்கள். நான் சொல்லும்போது விடுங்கள். விடும்போது, இதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொல்லுங்கள்.” பிலோமினா பட்டாணியைக் கொட்டிவிட்டு ஓடிவந்தாள். அவர் நெஞ்சு விம்மியிருந்தது, உதடு பிரிந்திருந்தது. அந்த நேரம் பார்த்து, கிழவர்களின் மனசில் லாபமில்லை என்று முடிவுகட்டி, ஆப்பை நடத்திய கம்பெனியை இழுத்து மூடினார்கள். போன் ஊமையானது. விடச் சொல்லி உத்தரவு வரவில்லை, அவரும் விடவில்லை.

“அப்பா, ப்ளீஸ், சோடோ நா, விட்டுருங்கப்பா!” என்று வினோலியா கெஞ்சினாள். சிவிலியனைப் பார்ப்பது போல் அவளைப் பார்த்தார். மோதி பாக்கிலிருந்து பழைய சகா ஹவில்தார் ஜோதிலிங்கம் வந்து பரேடு குரலில் “விஷ்ராம்!” என்று ஓய்வு உத்தரவை முழங்க, கீழே கேட்டில் நின்ற காவலாளிகளெல்லாம் காலை அகட்டி நின்றார்கள், இவர் அசையவில்லை. எழுதியாவது காட்டுங்கள் என்று பிலோமினா பேனாவும் காகிதமும் கொடுத்தாள். சொல்லச் சொல்லித்தானே உத்தரவு, எழுதச் சொல்லி இல்லையே. காகிதத்தை மடித்து ஆடுகிற மேஜைக்காலுக்கு முட்டுக்கொடுத்தார். ஆனாலும் அந்த நாட்களில் பிலோமினாவின் முகம் தெளிந்திருந்தது. கேட்டது கிடைக்கவில்லை, ஆனால் இருக்கிற இடம் தெரிந்துவிட்டது.

பிறகு கிட்வாய் நகரில் ஒரு கல்யாணத்துக்குப் போனவள் காய்கறி வண்டியருகே ஆப்பில் பேசிய அந்தக் குரலைக் கேட்டாள். “பையா, தோடா தனியா டால் தோ” என்று கொத்தமல்லிக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. குரலுக்குச் சொந்தக்காரி ரோஹிணி, டில்லியிலேயே பிறந்த தமிழ்ப் பெண். அந்த ஆப்புக்காக ஒரே மத்தியானத்தில் எல்லாவற்றையும் வாசித்துக் கொடுத்ததாகவும், என்ன வாசித்தோம் என்பதே மறந்துபோனதாகவும் சொன்னாள். பிலோமினா கல்யாணச் சாப்பாட்டை விட்டுவிட்டு அவளைக் கையோடு கூட்டிவந்தாள்.

ரோஹிணி அவர் எதிரே உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, “அப் சோடியே” என்றாள். “இப்ப விடுங்க, சொல்லாததைச் சொல்லுங்க அங்கிள்.”

சுவிசேஷமுத்து விட்டார். திரைச்சீலைகள் கிழிந்தன. எதிர் பிளாக்கில் காயப்போட்டிருந்த துணியெல்லாம் பறந்தது. ஜன்னல் கம்பிகளில் உறைபனி படிந்தது, ஈரக் கம்பளியும் மண்ணெண்ணெயும் கலந்து மணத்தது, மே மாதத்தில் கீழ்வீடுகளில் ஸ்வெட்டரைத் தேடினார்கள். ஸ்கூல் வேன் திரும்பும்வரை அந்தக் காற்று ஓயவில்லை. அந்தக் குளிருக்குள்தான் எங்கோ தம்பி இருக்கிறான் என்று பிலோமினா கண்ணை மூடாமல் எதிரிலேயே நின்றாள். காற்று ஓய்ந்ததும் அவர் வாயைத் துடைத்துக்கொண்டார்.

“எல்லாம் ஃபர்ஸ்ட் கிளாஸ்” என்றார். “ஒரு குறையும் இல்ல. டீ போடு, பிலோமி.”

“பெலிக்ஸ்?” என்று கேட்டாள் அவள்.

“அவனா? நல்ல பையன்.” சொல்லிவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொண்டார்.

பிலோமினா அழவில்லை. அடுக்களைக்குப் போய் டீ போட்டாள், எல்லாருக்கும் கொடுத்தாள். அவர் பிடித்துவைத்திருந்தவரை அது உள்ளே இருக்கிறது என்று நம்ப ஒரு நெஞ்சாவது இருந்தது. இப்போது அதுவும் போயிற்று. ரோஹிணியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவள் கையைப் பிடித்தாள்.

“எனக்கு ஒரு உபகாரம் பண்ணும்மா. மறுபடி பிடிக்கச் சொல்லு.”

ரோஹிணி வினோலியாவைப் பார்த்தாள். வினோலியா டீ டம்ளர்களை எடுக்கக் குனிந்தாள். ரோஹிணி சொன்னாள். சுவிசேஷமுத்து பேப்பரை மடித்து வைத்தார், முதுகை நிமிர்த்தினார், நெஞ்சு நிறைய இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

இன்னும் அப்படித்தான் இருக்கிறார். இனிமேல் எங்கள் பிளாக் பக்கம் வரவேண்டாம் என்று ரோஹிணியிடம் பிலோமினா கேட்டுக்கொண்டாள், அவளும் வருவதில்லை. சாயங்காலம் டீ ஆனதும் பிலோமினா கணவரின் நெஞ்சில் காதை வைத்துக் கொஞ்சநேரம் கேட்பாள். வயசான காலத்தில் என்ன ஒட்டுதல் என்று எதிர்வீட்டு சுஷ்மா எல்லாரிடமும் சொல்லி மெச்சிக்கொள்கிறாள்.