குழியருகே ஒரு கூச்சல்

புவெனஸ் அயர்ஸில் மனநல டாக்டர் மிர்த்தாவின் சோபாவில் படுத்து, எட்டு மாதமாகக் கூரையிடம் பேசிக்கொண்டிருந்தார் பஸ் டிரைவர் ஒஸ்வால்தோ. மனைவி எல்விரா இறந்ததிலிருந்து அவருக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. தலைமாட்டில் கண்ணுக்குப் படாமல் உட்கார்ந்திருந்த டாக்டரோ "ம்ம்" என்பதைத் தாண்டி வாயைத் திறந்ததில்லை. இன்றோடு ஒரு கும்பிடு போட்டுவிடுவது என்று முடிவு செய்துதான் ஒஸ்வால்தோ வந்திருந்தார். போவதற்கு முன், யாரிடமும் சொல்லாததைச் சொல்லித் தொலைத்தார்.

"அடக்கத்தன்னிக்குக் குழியச் சுத்தி ஒரே கூட்டம், டாக்டர். பெட்டி வர வழியில்ல. நான் பழக்க தோஷத்துல, 'வாசல்ல நிக்காதீங்க, உள்ள போங்க, பின்னாடி காலியாத்தான கெடக்கு'ன்னு கத்திட்டேன். நானெல்லாம் ஒரு மனுஷனா?"

பின்னாலிருந்து ஒரு செருமல் வந்தது. பிறகு கெட்டில் கொதிப்பதுபோல் ஒரு சத்தம். சோபாவில் படுத்தவர் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது எழுதாத சட்டம். ஒஸ்வால்தோ திரும்பிவிட்டார். டாக்டர் நோட்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார்.

"சிரிக்கிறீங்களா?"

"மன்னிச்சுக்குங்க ஒஸ்வால்தோ. உள்ள போனாங்களா?"

"போகாம? பாதிரியாரே ரெண்டடி நகர்ந்தாரு! எல்விரா பெட்டிக்குள்ள இருந்தே திட்டியிருப்பா, 'இங்கயும் டியூட்டியா கிழவா'ன்னு."

அவரும் சிரித்தார். வயிறு வலிக்கச் சிரித்தவர், எந்த இடத்தில் அழத் தொடங்கினார் என்று அவருக்கே தெரியவில்லை. டாக்டர் டிஷ்யூப் பெட்டியை நீட்டினார். தனக்கும் ஒன்று உருவிக்கொண்டார்.

கிளம்பும்போது ஊர் வழக்கப்படி டாக்டரின் கன்னத்தில் முத்தமிட்டு விடைபெற்ற ஒஸ்வால்தோ சொன்னார்: "வியாழக்கிழமை வரேன். ஆனா நாற்காலிய எதிர்ல போடுங்க. முதுகுக்குப் பின்னால சிரிக்கிறவங்களத்தான் தெனமும் பஸ்ல ஏத்திக்கிட்டுப் போறேனே."