சுக்கு யார் பின்னால் நடக்கிறது?

1

இந்தக் கதையை அகிலா அக்காவிடமிருந்து எடுத்தேன். கேட்காமல் எடுத்தேன். அவர் ஃபோனில் அழுதுகொண்டே சொன்னதை நான் "ம்... ம்..." என்று கேட்டபடி மனசுக்குள் பத்தி பிரித்துக்கொண்டிருந்தேன். எழுதுகிறவள் புத்தி வேறெங்கே போகும்! (இதற்குத் "திருட்டு" என்றுதான் முதலில் எழுதினேன். ஓவராப் பண்ணாதே என்று ஜைத் அந்தச் சொல்லை அடித்துவிட்டார். ஜைத் என் வீட்டுக்காரர். நான் எழுதுவதைப் படிக்கிற ஒரே ஆள் இப்போதைக்கு அவர்தான்.)

நாங்கள் இருப்பது ஷார்ஜா ரோலாவில், ஜன்னலைத் திறந்தால் எதிர் ஃபிளாட்டின் ஏசி முகத்தில் ஊதுகிற ஒரு வீட்டில். அக்கா இருப்பது அஜ்மானில், ஒரு பழைய வில்லாவின் பின்பக்க போர்ஷனில். வாசலில் கொஞ்சம் மண். அதில் கறிவேப்பிலை, முருங்கை, தொட்டி தொட்டியாக மல்லி. எங்களுக்குள் சிநேகம் வந்ததே அந்தக் கறிவேப்பிலையால்தான். எல்லாம் அவர் கணவர் ராமையா அண்ணன் வளர்த்தது. கப்பல் ரிப்பேர் யார்டில் டியூட்டி. வீட்டுக்கு வந்தால் செடி. செடி முடிந்தால் சுக்கு. சுக்கு என்பது நாய். இந்த ஊர்த் தெருவில் கிடைத்தது, மெலிசு, பேருக்கேற்ற நிறம்.

அண்ணன் போன குளிர்காலத்தில் மாரடைப்பில் போய்விட்டார். அக்காவின் விசா அவர் பெயரில் இருந்தது. தங்கிக்கொள்ள அரசாங்கம் கொடுத்திருக்கிற தவணை இந்த அக்டோபரோடு முடிகிறது. சவூதியில், அல் கோபாரில் இருக்கிற அக்காவின் தம்பி விமல் தினமும் ஃபோன் செய்து, ஊரில் வீடு பார்த்தாச்சு, நாய்க்கும் பேப்பர் போட்டாச்சு, கிளம்புக்கா என்கிறான். அக்காவும் குளிர் வரட்டும், செடியெல்லாம் நாலு பேருக்குக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். மற்ற ஊரில் வசந்தம் எப்போதோ, இங்கே அக்டோபரில். ஜூனிலிருந்தே மனுஷர், நாய், செடி எல்லாரும் அதற்காகத்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடப்போம்.

ஆகஸ்டில் அந்த ஃபோன் வந்தது.

"ஃபஸ்னா, விடியறதுக்கு முன்னாடி சுக்கு தோட்டத்துல நடக்குதுடி. யாரு பின்னாடியோ நடக்குற மாதிரி. ஒவ்வொரு தொட்டிகிட்டயும் நிக்குது, அண்ணாந்து பாக்குது, வால ஆட்டுது, அப்புறம் அடுத்த தொட்டிக்குப் போகுது. அவரு தண்ணி ஊத்துற வரிசையேதான்."

"பழக்கதோஷமா இருக்கும்க்கா."

"அவருதான்டி. விமல்கிட்ட சொல்லிட்டேன், டிக்கெட் போடாதன்னு. அவர இங்க தனியா விட்டுட்டு நான் எங்க போக?"

"விசா முடிஞ்சா என்னக்கா செய்வீங்க?"

"புடிச்சு உள்ள வைக்கட்டும்" என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை.

2

தொடக்கம் அ: "விடிவதற்கு முன் அந்த வீட்டில்—" (வேண்டாம். எல்லாப் பேய்க்கதையும் இப்படித்தான் பல் விளக்குவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது.)

தொடக்கம் ஆ: "நாய்களுக்கு மரணம் என்றால் என்னவென்று—" (எனக்கென்ன தெரியும் நாயைப் பற்றி? எங்கள் வீட்டில் பூனையே உள்ளே வராது.)

தொடக்கம் இ: "நாய் நின்ற தொட்டிகளில் மட்டும் மண் நனைந்திருந்தது."

இது நின்றது. அக்கா சொன்னதில் ஈரம் இல்லை. வெறுமனே நடக்கிற நாய் மட்டும்தான். ஆனால் கதைக்குக் கையில் தொட்டுப் பார்க்க ஒன்று வேண்டாமா? சேர்த்துக்கொண்டேன். ஜைத் படித்துவிட்டு, "நல்லாருக்கு. ராத்திரி தூக்கம் வராது" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் காலை அக்கா கூப்பிட்டார். "ஃபஸ்னா, மண்ணு ஈரமா இருக்குடி. சுக்கு நின்ன தொட்டியில மட்டும்."

ஜைத்திடம் ஓடினேன். "ஏசித் தண்ணி சொட்டியிருக்கும்" என்றார், டீயிலிருந்து வாயை எடுக்காமல். நியாயமான பதில். அக்காவிடம் கேட்டேன். ஏசி பைப் அந்தச் சுவரிலேயே இல்லையாம்.

(இந்த இடத்தில் ஒரு கட்டுரைக் குரல் வந்து, புனைவுக்கும் நிஜத்துக்கும் நடுவே உள்ள சுவர் பற்றி இரண்டு பத்தி பேச வேண்டும். பேசி வைத்திருந்தேன். நிறுத்திவிட்டேன். பயந்தவளுக்குத் தத்துவம் வராது.)

3

பயந்தவள் எழுதுவதை நிறுத்தியிருக்க வேண்டும்தானே? நான் நிறுத்தவில்லை. தற்செயல் என்று என்னை நானே தட்டிக்கொடுத்து உட்கார்ந்தேன்.

"விடியக்காலைப் பேய் பழசு. பட்டப்பகல்ல கொண்டு வா பாப்போம்" என்று ஜைத் வேறு உசுப்பேற்றினார். சரிதான். எங்கள் ஊரிலும் உச்சி வேளைக்குத்தான் பிள்ளைகளை வெளியே விடமாட்டார்கள். இங்கே ஆகஸ்டு மத்தியானத்தில் தெருவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கார் இருக்கும், கடை இருக்கும், ஆள் மட்டும் இருக்காது. இப்படி எழுதினேன்:

"லுஹர் பாங்கு சொல்லி முடிந்த உச்சி வெயிலில், சுவரோரம் சுருண்டு கிடந்த ஹோஸ் மெல்ல நீண்டது. யாரோ அதைக் கையில் எடுத்திருந்தார். குழாய் திறந்தது. மல்லித் தொட்டியில் தண்ணீர் விழுந்தது. சுக்கு எழுந்து, அவர் பின்னாலேயே போயிற்று."

முகம் எழுதவில்லை. ராமையா அண்ணனை நான் பார்த்ததே இல்லை. அவர் கறிவேப்பிலையைத்தான் பார்த்திருக்கிறேன். ஃபோட்டோ காட்டுங்கள் என்று அந்த மனுஷியிடம் கேட்கவும் மனசு வரவில்லை.

ஜைத் படித்துவிட்டுக் கையை நீட்டிக் காட்டினார். முடியெல்லாம் எழுந்து நின்றது.

4

"உடனே வா" என்றார் அக்கா. ஃபோனை வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை என்பதால் ஜைத்தும் வந்தார்.

மல்லி எல்லாம் தலையைத் தொங்கப் போட்டுக் கிடந்தது. இலை கறுத்து, கீரை வேகவைத்த வாசம் வந்தது. சுக்கு ஏசிக்குக் கீழே படுத்திருந்தது. அக்கா அதன் முன்னங்காலைத் தூக்கிக் காட்டினார். பாதத்தில் தோல் உரிந்து சிவந்திருந்தது.

"நேத்து மத்தியானம் கதவப் பிறாண்டிக்கிட்டே நின்னுச்சு. ஒண்ணுக்கு வருதுபோலன்னு தொறந்து விட்டேன். கொதிக்கிற தரையில வால ஆட்டிக்கிட்டே நடக்குது. கூப்புடுறேன், திரும்பிக்கூடப் பாக்கல. ஹோஸ்ல தண்ணி வந்துக்கிட்டு இருக்கு ஃபஸ்னா. யாரும் புடிக்கல."

"அவூது பில்லாஹ்" என்று இறைவனிடம் காவல் தேடினார் ஜைத்.

அக்கா அழவில்லை. கோபமாக இருந்தார். அதை நான் எதிர்பார்க்கவில்லை.

"இது அவரு இல்லடி. வெயில்ல கெடந்த ஹோஸ்ல மொதத் தண்ணி கொதிச்சுக்கிட்டுத்தான் வரும், பச்சப்புள்ளைக்கும் தெரியும். அவரு ராத்திரியே வாளியில புடிச்சு உள்ள வச்சு ஆறவிட்டு, விடியறதுக்கு முன்னாடி ஊத்துவாரு. மத்தியானத்துல செடிகிட்ட என்னையே விடமாட்டாரு. செத்துப்போனா அதெல்லாம் மறந்து போயிருமா? யாரோ அவரு மாதிரி வந்து நிக்கிறான். ஒண்ணுமே தெரியாத எவனோ."

ஒன்றுமே தெரியாத எவளோ. கோடையில் ஹீட்டரை அணைத்துவிட்டு, அதற்குள் ஆறிக் கிடக்கும் தண்ணீரில்தான் இத்தனை வருஷமாகக் குளிக்கிறேன். வெயிலில் கொதிக்கிற மாடித் தொட்டித் தண்ணீர் நேராக மேலே பட்டால் அலறுவேன். குளிக்கிறபோது தெரிந்தது எழுதுகிறபோது தெரியவில்லை. ஃபிளாட்டில் இருப்பவள், ஒரு தொட்டிக்கும் தண்ணீர் ஊற்றாதவள், வெயில் அழகாக இருக்கிறது என்று ஹோஸை நீட்டிவிட்டேன்.

அந்தத் தோட்டத்தில் நடந்தது ராமையா அண்ணன் செய்யக்கூடிய தப்பு அல்ல. அது என் தப்பு.

4 (மறுபடியும்)

மேலே உள்ள பகுதியை அங்கேயே முடித்து, அக்காவிடம் ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டதாக ஒரு வடிவம் எழுதினேன். கதைக்கு அது அழகு. ஆனால் நடந்தது வேறு. சொல்லிவிட்டேன். கைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

அக்கா நிதானமாகப் படித்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"அப்ப நீ எழுதுனா வரும்."

"தெரியலக்கா. பயமா இருக்கு."

"அப்ப அவர சரியா எழுது."

"அக்கா!"

"நான் சொல்றேன், நீ எழுது. வாளி எது, எந்தத் தொட்டி மொதல்ல, எல்லாம் சொல்றேன். நீ எழுதுன ஆளா இருந்தா என்ன? காலைல எந்திரிச்சா தோட்டத்துல ஒரு மனுஷன் இருப்பாருல்ல?"

அவர் குரலில் இருந்த ஆசையைக் கேட்டபோதுதான் எனக்கு ஹோஸைவிட அதிகப் பயம் வந்தது.

5

முடிவு அ: அவர் கேட்டைத் திறந்து தெருவில் இறங்கிப் போய்—

(கூடாது. சுக்கு அவர் பின்னாலேயே போய்விடும். கேட்டுக்கு வெளியே மெயின் ரோடு.)

முடிவு ஆ: ஒருநாள் அவர் வரவில்லை. அவ்வளவுதான்.

(எழுதினேன். ஜைத்திடம்கூடக் காட்டவில்லை. அன்று மத்தியானம் முழுக்க சுக்கு கதவைப் பிறாண்டியது. நகத்தில் ரத்தம் வந்தது என்று அக்கா ஃபோனில் கத்தினார். அவர் அழுதது நாய்க்காக மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.)

முடிவு இ: சரியாக எழுதுவது.

எழுதிவிட்டேன். வேறென்ன செய்ய? அந்தப் பாதத்தை நீங்கள் பார்க்கவில்லை. விடியுமுன் நேரம், ஆறின தண்ணீர், நீலவாளி, முதலில் கறிவேப்பிலை, கடைசியில் மல்லி. குனிந்து நாயின் காதைப் பிடித்து ஆட்டுகிற பழக்கம். எல்லாம் அக்கா சொன்னபடி. முகத்தை மட்டும் அவர் சொல்லவில்லை. கேட்டால் பேச்சை வாளிக்கே திருப்பிவிட்டார். நானும் விட்டுவிட்டேன். ஜைத் படித்தார். இந்தத் தடவை காகிதத்தைத் திருப்பிக் கொடுக்காமல் இன்னொரு தரம் படித்தார்.

காலையில் அக்கா.

"ஃபஸ்னா, இன்னைக்கு ஆளே தெரிஞ்சாருடி." குரல் தணிந்திருந்தது. "வாளியோட. எல்லாம் சரியா இருக்கு. சுக்கு சொகமா கூடவே நடக்குது. ஆனா மூஞ்சி அவரு இல்ல. வயசானவரு. கட்டம் போட்ட கைலி. நெத்தியில தொழுக வடு. இடது புருவம் பாதி இல்ல. யாருடி இது?"

ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். ஜைத் கையிலிருந்த டீ தரையில் கொட்டியது.

"முகமே இல்லையே அதுல," என்றார், நான் ஃபோனை வைத்த பிறகு. "அதான் வாப்பா மூஞ்சிய வச்சுப் படிச்சேன்."

அவர் வாப்பா மவுத்தானபோது ஜைத் மஸ்கட்டில், ரூவியில் ஒரு கடையில் இருந்தார். லீவ் கிடைக்கவில்லை. ஜனாஸா அடக்கத்தை வீடியோ காலில்தான் பார்த்தார். அதுவும் பாதியில் கட்டாகிவிட்டது. சின்ன வயதில் அடுப்பில் சுட்ட புருவம் என்று என்னிடம் எப்போதோ சொல்லியிருக்கிறார்.

"அக்காட்ட கேளு," என்றார். "வாப்பா ஏதாச்சும் சொல்றாரான்னு கேளு."

நான் அதட்டினேன். ஜின்னு கின்னு ஏதாவது இருக்கப்போவுது, ஓதுங்க என்றேன். அவர் ஓதவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும், அடுத்த பகுதி எழுதியாச்சா என்று கேட்கிறார்.

6

அக்டோபர் வந்துவிட்டது. நேற்று முதல் முறையாக ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்கினோம். ரோலாவில் பிளாட்பாரத்தில் பெட்டூனியா பூ நாற்று விற்கிறார்கள்.

விமல் யாரையும் கேட்காமல் இன்றைய விமானத்துக்கு டிக்கெட் போட்டுவிட்டான், நாய்க்கும் சேர்த்து. அக்கா பெட்டி கட்டிவிட்டார். "போறேன்டி, யாருன்னே தெரியாத மனுஷனுக்காக எத்தன நாளு இருக்கிறது" என்றார் நேற்று. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

இந்தக் கடைசிப் பகுதிகளை ஜைத்துக்கு நான் கொடுக்கவில்லை. அவர் கெஞ்சினார். என்னைத் திட்டினார். அழுதார். கொடுக்கவில்லை.

அதனால் இப்போது படித்துக்கொண்டிருப்பது நீங்கள் மட்டும்தான்.

நான் முகம் எழுதவில்லை, கவனித்தீர்களா? ஆனால் வாளியோடு குனிந்து நாயின் காதை ஆட்டினவருக்கு நீங்கள் ஒரு முகம் வைத்துத்தான் படித்திருப்பீர்கள். யாராலும் முகமில்லாமல் படிக்க முடியாது. உங்கள் வீட்டில் யார் அப்படிக் குனிவார்? இருக்கிறாரா, போய்விட்டாரா? நல்லவர்தானா?

ஏன் கேட்கிறேன் என்றால், அக்கா இப்போது லைனில் இருக்கிறார். டாக்சி வாசலில் ஹாரன் அடிக்கிறது, எனக்கே கேட்கிறது.

"இன்னைக்கு வேற ஆளுடி. முந்தி வந்தவரு இல்ல. தோட்டத்துலேர்ந்து நேரா வாசலுக்கே வந்துட்டாரு. சுக்கு குதிக்குது, அப்படிக் குதிச்சு நான் பாத்ததே இல்ல. கதவுல கைய வச்சுக்கிட்டு, உள்ள வரலாமான்னு கேக்குறாரு. பாவமா இருக்குடி. தொறக்கட்டுமா?"

திறந்தால் அக்கா போகமாட்டார். இனி எப்போதும் போகமாட்டார், அது எனக்கு நிச்சயம். திறக்காவிட்டால், வெளியே நிற்கிறவர் எங்கே போவார் என்று எனக்குத் தெரியாது. அவர் யாரென்றே எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

அக்கா காத்திருக்கிறார். சொல்லுங்கள், என்ன பதில் சொல்லட்டும்?