பச்சைக் கையின் ஆள்காட்டி விரல்

நெனிடா அக்காவுக்கு அன்று மூன்றாவது தேர்வு. அதிலும் தோற்றால் வேலை இல்லை. ஒரு தாளை நீட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

எங்கள் வின்னிபெக் தொழிற்சாலையில் பேருந்து செய்கிறோம். புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பாடம் நடத்துவது ஒரு மின்னணு மூக்குக்கண்ணாடி. மாட்டிக்கொண்டால், எதிரே நிற்கும் பேருந்தின் மேலேயே இரண்டு பச்சைக் கைகள் தோன்றி வேலை செய்து காட்டும். நம் கையை அதன் மேல் பொருத்திக்கொண்டே போக வேண்டும். விலகினால் சிவப்பு. எண்பது மதிப்பெண் வந்தால் தேறினோம். அந்தப் பாடங்களைப் படம் பிடித்து ஏற்றியவன் நான். கண்ணாடி வந்த அன்று பெட்டியைப் பிரித்ததும் நான்தான். யாராவது அதைக் குறை சொன்னால் என்னையே சொன்ன மாதிரி சண்டைக்குப் போவேன்.

நெனிடா அக்கா பிலிப்பைன்ஸில் பதினோரு வருஷம் கார்களுக்கு வயர் கட்டியவர். இங்கே முதல் தேர்வில் 52, இரண்டாவதில் 49. ஆனால் அவர் மாட்டிய வயரில் ஒரு குறை இல்லை. சோதனை விளக்குகள் எல்லாம் எரிந்தன. கண்ணாடிக்கு மட்டும் பிடிக்கவில்லை.

"அக்கா, அது காட்டறத அப்படியே செஞ்சிட்டுப் போயிடுங்களேன்" என்றேன் காலையில்.

"செய்யறேன் தம்பி. ஒண்ணு மட்டும் சொல்லு. அந்தப் பச்சைக் கை எதுக்கு விரல நீட்டிக்கிட்டே இருக்கு? யாருக்கு வழி காட்டுது?"

"எந்த விரல்?"

"இடது கை ஆள்காட்டி. வயர் கட்டப் பிடிக்கறப்போ மத்ததெல்லாம் மடங்குது, அது மட்டும் துப்பாக்கி மாதிரி நிக்குது. அங்க பாரு, எல்லாரும் சுடறாங்க."

பார்த்தேன். பயிற்சி வரிசையில் ஒன்பது பேர் டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டிருந்தார்கள். ஒன்பது பேருக்கும் இடது ஆள்காட்டி விரல் விறைப்பாக நீட்டியிருந்தது. அதில் ஐந்து விரல்களில் பிளாஸ்டர்.

அது யார் விரல் என்று எனக்குத் தெரியும். அந்தப் பாடத்தைப் படம் பிடித்தபோது வேலை செய்து காட்டியவர் வெஸ். இருபத்தாறு வருஷமாக இதே வேலை. படம் பிடித்த திங்கட்கிழமைக்கு முந்தைய நாள், உறைந்த ஏரியில் பிடித்த மீனை அறுக்கும்போது கத்தி பட்டதால், அன்று அந்த விரலில் பெரிய கட்டோடு வந்தார். மடக்க முடியவில்லை. "ஒரு விரல்தானே, சமாளிச்சுக்கறேன்" என்றார். நானும் தலையாட்டினேன். கட்டு எதற்கென்று கண்ணாடிக்குத் தெரியாது. நீட்டிய விரல்தான் தெரியும். அதுதான் முறை என்று எடுத்துக்கொண்டது. டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் இரும்புத் தகட்டின் விளிம்பு, நீட்டிய விரலைத்தான் சரியாகக் கீறும்.

பயிற்சி மேலாளர் கிராண்ட் பென்னரிடம் ஓடினேன்.

"அன்னிக்கு வெஸ் கட்டு போட்ட விரல நீட்டினத அப்படியே செஞ்சு, அஞ்சு பேருக்கு அதே விரல் கிழிஞ்சிருக்கு, கிராண்ட்!"

"கையுறை போடச் சொல்லு."

"போட்டா கண்ணாடிக்கு விரல் தெரியாது. போடக் கூடாதுன்னு போர்டு வெச்சதே நீங்கதானே?"

"அப்போ பிளாஸ்டர் இன்னொரு பெட்டி வாங்கி வை. தலைமை அலுவலகம் ஒப்புதல் குடுத்த பாடம், டாராஸ். மாத்த ஆறு வாரம் ஆகும்."

"நெனிடாவுக்கு இன்னிக்கு ரெண்டு மணிக்கு டெஸ்ட்."

"ஒரு விரல நீட்டறதுல என்ன குறைஞ்சு போச்சு அவங்களுக்கு?"

விரல்தான் குறைந்துபோகும் என்று வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டு வெஸ்ஸை இழுத்து வந்தேன். விரல் ஆறி மாதக்கணக்காகிவிட்டது. பென்னர் கண்முன்னாலேயே கண்ணாடியை மாட்டி, நிதானமாக வேலையை முடித்தார். மதிப்பெண் 57.

"அது என் கைடா!" என்று வெஸ் கத்தினார். "என் கைய மாதிரி செய்யத் தெரியலன்னு என்னையே ஃபெயிலாக்குதா?"

இப்போதாவது புரியும் என்று நினைத்தேன். பென்னர் வெஸ்ஸின் தோளைத் தட்டினார்.

"சகஜம்தான் வெஸ். வருஷம் ஆக ஆகக் கைப்பழக்கம் தளர்ந்துடும். உனக்கும் ரெண்டு நாள் பயிற்சி போட்டுடறேன்."

"கிராண்ட், இந்த வயர் எதுல போய்ச் சேருதுன்னு உனக்குத் தெரியுமா?" என்றார் வெஸ்.

"அது என் வேலை இல்ல."

"பேருந்துல போறவங்க குடுத்து வெச்சவங்க."

மதிய உணவு நேரத்தில் நெனிடா அக்கா சோற்றில் கோழிக் குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தார்.

"டப்பாவ மூடுங்க, வாங்க. உங்க கையப் படம் பிடிக்கணும்."

"சாப்பிட்டுட்டு வரேனே. என் வேலைக்கு உலை வெக்கப் போறியா?"

"என் வேலைக்கு."

அக்கா டப்பாவை மூடினார். கை கழுவிக்கொண்டு வந்தார். நான்கு நிமிடம். எல்லா விரலும் மடங்கி, ஒரு கீறல் இல்லாமல் வயர் உள்ளே போய் டக்கென்று உட்கார்ந்தது. பக்கத்தில் நின்று ஒவ்வொரு இணைப்பையும் இழுத்துப் பார்த்த வெஸ், "சரியா இருக்கு. என்னை விட வேகம் வேற. கடுப்பா இருக்கு" என்றார். பழைய பாடத்தை எடுத்துவிட்டுப் புதியதை ஏற்றினேன். 'ஒப்புதல் அளித்தவர்' என்ற கட்டத்தில் என் பெயரையே போட்டேன்.

இரண்டு மணிக்குத் தேர்வு. 93.

"என் கையப் பாத்து எனக்கே ஏழு மார்க் குறையுதா?" என்று அக்கா என் காதில் சீறினார்.

பென்னர் நிரந்தர வேலைக்கான தாளில் கையெழுத்துப் போட்டு, கையும் குலுக்கினார். "பாத்தீங்களா? கண்ணாடி சொல்றதக் கேட்டா தானா வருது!"

மறுநாள் விஷயம் வெளியே வந்தது. அக்காவின் தாளைத் தொடக் கூடாது என்று தொழிற்சங்கத்தில் சொல்லிவிட்டார்கள். எனக்கு இரண்டு வாரம் இடைநீக்கம். 'ஒப்புதல் பெற்ற கைகளை அனுமதியின்றி மாற்றியது' என்று கடிதத்தில் எழுதியிருந்தது. கிழிந்த ஐந்து விரல்களைப் பற்றி ஒரு வரி இல்லை. பழைய பாடத்தைத் திரும்ப ஏற்றிவிட்டார்கள்.

திங்கட்கிழமை காலை அக்கா போன் செய்தார்.

"தம்பி, விரல் திரும்பி வந்துடுச்சு."

"தெரியும்."

"இது தெரியாது உனக்கு. ஒன்பது பேரும் கண்ணாடிய நெத்தில ஏத்தி விட்டுட்டுச் சும்மா நிக்கறாங்க. அடிபட்ட கையப் பாத்துப் பரீட்சை குடுக்க மாட்டோம்னு சொல்லிட்டாங்க. வெஸ்ஸும் அவங்களோட நிக்கறார், ரெண்டு நாள் பயிற்சிக்கு வந்தவராச்சே. பென்னர் கத்திப் பாத்துட்டு இப்போ தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டுட்டிருக்கார். சரி, நானும் போய் நிக்கறேன்."

"உங்களுக்குத்தான் வேலை உறுதியாச்சே, அக்கா?"

"அதனாலதான் நிக்கறேன்."

என் கடிதத்தோடு ஒரு படிவமும் வந்திருக்கிறது. 'உங்கள் தரப்பு விளக்கம்' என்று போட்டு, கீழே மூன்று கோடு விட்டிருக்கிறார்கள். நான் நான்காவது தாளில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.